தானியங்கிக் கியர்ப்பெட்டியின் நோயும் அதன் முதலும்

பீர்க்கன்கரணை வழியாகத் தாம்பரத்திற்கும் வண்டலூருக்கும் இடையே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் காலையிலும் மாலையிலும் மோட்டார் வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. பத்தடி நகர்தலும் நிற்றலும் மீண்டும் நகர்தலுமாகிய இவ்வியக்கத்தில், கிளச்சை மிதித்து மிதித்து ஓட்டுவோரின் இடக்கால் படும் பாடு சொல்லுந் தரத்ததன்று. ஆதலின், கிளச்சு மிதியில்லாத தானியங்கி வண்டிகளை நம் பகுதியினர் விரும்பி வாங்குதல் வியப்பன்று. வாங்கிச் சில ஆண்டுகள் சென்றபின் அவருள் சிலர்க்கு நேரும் இடர் ஒன்றுண்டு. வண்டி வழுக்குகிறது என்பர், பட்டறையிற் காட்டுவர், கியர்ப்பெட்டி போய்விட்டது, வேறு போடவேண்டும் என்னும் விடை வரும். அவ்விடையின் விலை சில வண்டிகளில் இலட்ச ரூபாயையும் கடக்கும். பழைய வண்டியாயின், வண்டியின் மதிப்பிற் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். அத்தொகையைக் கொடுக்குமுன் ஆராயவேண்டுவன யாவை என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். இலக்கணம் பயிலும் மாணாக்கர்க்கு எண்ணெய்ப் பிசுக்கில் என்ன வேலை என்று நகுவார்க்கு எம் விடை இது: காய்ச்சல் என்பது தானே ஒரு நோயன்று, பல நோய்கட்குப் பொதுவாகிய குறி என்றறிதற்கு ஒருவர் மருத்துவராயிருத்தல் வேண்டா. வழுக்கலும் அத்தகையதொரு குறியே.

முதற்கண் வழுக்கல் இன்னதெனத் தெளிதல் வேண்டும். எஞ்சின் விரைந்து சுழன்றும் அதற்கேற்ப வண்டி விரையாமையே வழுக்கல். ஓட்டுவார் முன்னுள்ள முட்களுள் ஒன்று எஞ்சின் நிமிஷத்திற்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதையும், மற்றொன்று வண்டியின் வேகத்தையும் காட்டும். ஒரு கியரிலிருந்து மேற்கியருக்கு மாறும்போது எஞ்சின் முள் சற்றே இறங்குதல் இயல்பு. அங்ஙனம் இறங்காது, 2000-இல் நின்ற முள் திடீரென 3000-க்குத் தாவ, வேகமுள்ளோ நின்ற இடத்திலேயே நிற்குமாயின், அதுவே வழுக்கல். இரு முட்களும் ஒருங்கே சோம்புமாயின் குற்றம் கியர்ப்பெட்டியின்மேலதன்று. எஞ்சினுக்கே வலிமை குறைந்ததென்பது கருத்து. அடைபட்ட காற்று வடிகட்டியும், பழுதுபட்ட ஸ்பார்க் பிளக்கும், எரிபொருட் குறைவும் இத்தகைய சோம்பலைத் தரும். அவற்றிற்காகக் கியர்ப்பெட்டியை மாற்றுதல், கண் நோவுக்குப் பல்லைப் பிடுங்குதலோடு ஒக்கும். மழைக்காலத்துச் சேற்றில் சக்கரமே வழுக்குதலும் வேறு.

இனி, எல்லாத் தானியங்கிகளும் ஓரினத்தன அல்ல. இதனை அறியாமையே பெருநஷ்டங்களுக்கு வாயில் என்பது எம் துணிபு. நம் சாலைகளில் இன்று ஓடும் சிறு வண்டிகளுள் ஏ.எம்.டி. என வழங்குவன பல. 2014 பிப்ரவரியில் மாருதி சுஸுகி நிறுவனம் செலேரியோ வண்டியில் இவ்வகையைக் கொணர்ந்தபின், குறைந்த விலையுள்ள வண்டிகளிலும் தானியங்கி பரவலாயிற்று. இதன் உள்ளமைப்பு யாதெனின், பழைய கைக்கியர்ப்பெட்டியே. பழைய உலர்ந்த கிளச்சுத் தட்டே. ஓட்டுவார் காலும் கையும் செய்த வேலையை ஒரு சிறு கருவி செய்கின்றது; அவ்வளவே வேற்றுமை. இவ்வகை வண்டி வழுக்குமாயின் முதலில் ஐயுறவேண்டுவது கிளச்சுத் தட்டின் தேய்வையே. தட்டை மாற்றிக் கருவிக்குப் புதிய அளவைக் கற்பித்துவிட்டாற் பெரும்பாலும் காரியம் முடிந்தது. பெருங்களத்தூர் மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலிற் சிக்கியபோது, பிரேக்கைப் பிடியாமல் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பார் உளர். அவர் தட்டு விரைவில் தேயும். ஏ.எம்.டி. வண்டியைக் காட்டி, கியர்ப்பெட்டி முழுவதும் மாற்றவேண்டும் என்று ஒருவர் சொல்வாராயின், எந்தப் பல்சக்கரம் உடைந்தது, எந்தத் தாங்கி இரைகின்றது என்று அவரைக் கேட்டல் உரிமையுடையார் கடன்.

சி.வி.டி. என்பது பிறிதோரினம். அதிற் கியர்ப்படிகளே இல்லை. விரியவும் குறுகவும் வல்ல இரு கப்பிகளுக்கிடையே எஃகு வாரொன்று ஓடும். மிதித்தவுடன் எஞ்சின் முன்னே இரைந்து வண்டி பின்னே விரைதல் இதன் பிறவிக்குணம். அதனை நோயென்று கொள்ளலாகாது. உண்மையிலேயே வார் வழுக்குமாயின் அது கப்பியின் முகத்தைக் கீறிவிடும். ஆகலின், ஏனைய வகைகளிற் சிலநாள் ஓட்டிப் பார்க்கலாமேனும், இதனை உடனே நிறுத்தல் வேண்டும். இதற்குரிய எண்ணெயை விடுத்து வேறு தானியங்கி எண்ணெயை ஊற்றியதே சிலவிடத்து நோயின் முதலாயிருத்தலால், அண்மையில் எண்ணெய் மாற்றிய இரசீதைத் தேடிப் பார்ப்பது நன்று.

மூன்றாவது, இரட்டைக் கிளச்சு வகை. இதனைப்பற்றி நம் அண்டையூரோடு தொடர்புடைய வரலாறொன்றுண்டு. பீர்க்கன்கரணைக்குத் தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகர் உள்ளது. தனித்தமிழ் இயக்கங் கண்ட மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை நம் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர். கல்லூரி அந்நாளிற் சென்னை நகரினுள் இருந்தது, தாம்பரத்திற்கு வந்தது 1937-இல். அவர் பெயர் தாங்கிய ஊரில் ஃபோர்டு தொழிற்சாலை எழுந்தது விதியின் விளையாட்டே! அங்கே 2013 முதல் எக்கோஸ்போர்ட் என்னும் வண்டி செய்யப்பட்டது. 2022-இல் வண்டி உற்பத்தி நின்றது. அவ்வண்டியிற் சிலவும், அந்நிறுவனத்தின் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் என்பனவற்றிற் சிலவும் பவர்ஷிப்ட் என்னும் இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டி பூண்டவை. ஆஸ்திரேலியாவில் அவை நடுங்குவதாகவும் இடறுவதாகவும் முறையிட்டோர் பலர். உங்கள் ஓட்டும் முறையே காரணம் என்று அவர்கட்கு விடை கூறப்பட்டது. பெட்டியின் தரத்திற் குறையுண்டு என்பது நிறுவனத்திற்கு முன்னரே தெரியும். 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம், முறையிட்டோரை நடத்திய விதம் நேர்மைக்கு மாறானதென்று கண்டு, ஆஸ்திரேலிய ஃபோர்டு நிறுவனத்திற்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

இவ்வரலாற்றை யாம் ஈண்டு எடுத்தது ஒரு நிறுவனத்தைத் தூற்றுதற்கன்று. அப்பெட்டிகளின் குறை பெரும்பாலும் பல்சக்கரங்களில் இல்லை. உலர்கிளச்சின்மேல் எண்ணெயைக் கசியவிட்ட சீல்களிலும், கிளச்சின் உராய்தட்டிலும், கட்டுப்படுத்தும் மின்பெட்டியிலுமே இருந்தது. ஆகவே, நோய் இன்ன உறுப்பில் என்று காட்டாது பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் விடை, ஓட்டுவார்மேற் பழிபோடுவதாயினும் பெட்டி முழுவதன்மேற் பழிபோடுவதாயினும், ஏற்கத்தக்கதன்று. இவ்வகை வண்டிகளிற் கிளச்சு சூடேறினாலும் வழுக்கலும் நடுக்கமும் தோன்றும். நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்தபின் தோன்றி, ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் நீங்குமாயின், அது வெப்பத்தால் வந்ததென்று கொள்ளலாம்.

எஞ்சியது டார்க் கன்வெர்ட்டர் வகை. தானியங்கி என்றால் முன்னாளில் இதுவே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் வைத்து விற்ற ஹைட்ரா-மேட்டிக் இக்குடும்பத்தின் மூத்தபிள்ளை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் நிறைந்த கலமொன்றுண்டு. அதனுள் எதிரெதிராக விசிறிகள் உள. ஒன்று சுழலத் தள்ளுண்ட எண்ணெய் மற்றதைச் சுழற்றும். அதற்கப்பால், கியர்களைப் பிடிக்கவும் விடவும் கிளச்சுத் தட்டுகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றை அழுத்துவதும் எண்ணெயே. ஆகவே இப்பெட்டியில் எண்ணெய் வழவழப்புத் தருவது மட்டுமன்று. குளிர்விப்பதும் அதுவே, பிடிக்கும் கையும் அதுவே. கை தளர்ந்தால் பிடி நழுவும். எண்ணெய் குறைந்தாலும், வடிகட்டி அடைத்தாலும், பம்பு தளர்ந்தாலும், எண்ணெயைத் திறந்துவிடும் சொலினாய்டு வால்வு சிக்கினாலும், உள்சீல் கசிந்தாலும், தட்டின் உராய்பூச்சுத் தேய்ந்தாலும் ஓட்டுவார்க்குத் தோன்றும் குறி ஒன்றே. இவற்றுட் சிலவற்றைப் பெட்டியை வண்டியினின்று இறக்காமலே தீர்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை.

எம் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர்க்கு இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் மெலிந்தது. பெருங்களத்தூரிற் சிறிய படியெடுப்புக் கடை வைத்திருப்பவர். கிளச்சு மிதியுள்ள வண்டியை அவரால் ஓட்டவியலாது; யாரோ ஓட்டி விற்ற டார்க் கன்வெர்ட்டர் வண்டியொன்றைக் கடன்பட்டு வாங்கியபின்னரே, பிறரை எதிர்பாராது காகிதம் வாங்கவும் ஆலயத்துக்கு வரவும் தொடங்கினார். அவ்வண்டி வழுக்கியது. ஒரு பட்டறையிற் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துப் பெட்டி மாற்றவேண்டும் என்றனர். அவர் மனைவியார் வளையல்களை அடகு வைக்க எடுத்துவிட்டார். அந்நிலையில் அவர் தம்பி முறையினரான மெக்கானிக் ஒருவர், "அண்ணே, அவசரப்படாதீங்க, முதல்ல ஆயிலைப் பார்ப்போம்" என்றார். அச்சுத்தண்டின் சீல் வழியே எண்ணெய் கசிந்து அளவு மிகக் குறைந்திருந்தது. சீல் மாற்றி, உரிய எண்ணெய் நிரப்பியபின் வண்டி பிடித்தது. ஆயினும் குறைந்த எண்ணெயோடு ஓடிய நாட்களில் தட்டுகளுக்குச் சிறிது சூடு பட்டிருக்கும் என்றும், எத்தனை நாள் தாங்கும் என உறுதி கூற இயலாதென்றும் அந்த மெக்கானிக் ஒளியாமற் சொன்னார். அவ்வளவு நேர்மையே எமக்கு அவர்பால் மதிப்பை மிகுவித்தது. வளையல்கள் பெட்டிக்குத் திரும்பின.

எண்ணெயைப் பார்த்தற்கும் முறையுண்டு. சமதரையில் நிறுத்தி, சிறிது தூரம் ஓட்டிச் சூடேறியபின், எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பார்த்தல் பல வண்டிகளுக்குப் பொது. சிலவற்றிற்கு வேறு முறை உண்டாதலால் வண்டியோடு வந்த கையேட்டை நோக்குக. அளவுக்கோல் இல்லாத வண்டிகளும் உள. அவற்றை உயர்த்தி நிறுத்தி, குறித்த வெப்பநிலையில் அடித்திருகைத் திறந்தே அளவறிய வேண்டும். அது பட்டறையின் வேலை. அளவு குறைதல் போலவே மிகுதலும் தீது. மிகுந்த எண்ணெய் நுரைக்கும், நுரை அழுத்தாது. அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு வாளாவிருத்தல் கூடாது. எண்ணெய் ஆவியாய்ப் போவதன்று; எங்கோ கசிகின்றது. வண்டி இரவில் நின்ற இடத்தில் அட்டையொன்றை விரித்து வைத்தாற் காலையிற் கறை இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நிறமும் மணமும் சான்று கூறும். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு; சி.வி.டி. எண்ணெயிற் பச்சையும் நீலமும் உண்டு. பழகிய எண்ணெய் பழுப்பாவது இயல்பே. கறுத்து, தீய்ந்த நாற்றம் வீசுமாயின் தட்டுகள் கருகியுள்ளன. பாலொடு கலந்த இளஞ்சிவப்பாய்த் தோன்றுமாயின் தண்ணீர் புகுந்தது. ரேடியேட்டரினுள் உள்ள குளிர்விப்பான் ஓட்டைப்பட்டாலும் இது நேரும். நம் பகுதியினர் இதனை வெள்ளத்தோடும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 2015 டிசம்பர் 1-2 நாட்களிற் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருக்களில் நீர் நின்றது. நீரில் நின்ற வண்டியில், கியர்ப்பெட்டி மூச்சுவிடும் சிறு குழாய் வழியே நீர் புகலாம். கிளச்சுத் தட்டின் உராய்பூச்சு காகிதம் போன்ற பொருளாலாயது, பசையால் ஒட்டப்பெற்றது. நீரை உறிஞ்சிக் கழன்றுவிடும். ஓட்டுமுன் கண்டு வடித்தால் பிழைக்கலாம். பல நாள் ஓட்டியபின் கண்டாற் பெட்டியைத் திறப்பதன்றி வழியில்லை. பழைய வண்டி வாங்குவோர் அது வெள்ளத்தில் நின்றதா என்று விசாரித்தல் இதனாலேயே.

எண்ணெய் நன்றாயிருப்பின், அடுத்தது ஸ்கேனர் என்னும் மின்கருவி. வண்டியின் கணிப்பொறி தான் கண்ட குறையை எண்ணாற் குறித்து வைத்திருக்கும். பி0730 என்பது கியர் விகிதம் தவறியதையும், பி0741 டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளச்சு ஒழுங்காகப் பிடியாமையையும், பி0894 உள்ளுறுப்பு வழுக்குதலையும், பி0218 எண்ணெய் அளவிறந்து சூடானதையும் குறிக்கும். பி0700 என்பது கியர்ப்பெட்டியின் கணிப்பொறியிடம் சென்று கேள் என்னும் வழிகாட்டி மட்டுமே. அதனை மாத்திரம் காட்டித் தீர்ப்பெழுதுதல் முறையன்று. கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் சிறு கருவிகள் பல எஞ்சினோடு மட்டும் பேசுவன. கியர்ப்பெட்டியோடும் பேசவல்ல கருவி உள்ள பட்டறையை நாடல் வேண்டும். இவ்வெண்களும் சாட்சிகளே, நீதிபதிகள் அல்ல. ஒரு சொலினாய்டின் கம்பி அறுந்தாலும், பாட்டரியின் தரைக்கம்பி துருப்பிடித்தாலும் குறிப்புத் தோன்றும். எலி கடித்த கம்பிக்காகப் பெட்டி மாற்றலாமோ?

இவற்றிற்கப்பால் எமக்கு மிகவும் இன்பம் பயந்த பகுதி, எந்தக் கியரில் வழுக்குகிறது என்று ஆராயும் முறை. அரிய சொல்லொன்றின் பொருளை உரையாசிரியர் அது வரும் இடந்தோறும் வைத்து நோக்கி, எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்று உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் துணிவரன்றோ? ஈண்டும் அதுவே. முன்செல்லும் எல்லாக் கியர்களிலும் பின்செல்லும் கியரிலும் ஒருங்கே வழுக்கினால், அவையனைத்திற்கும் பொதுவாகிய எண்ணெய், வடிகட்டி, பம்பு, அழுத்தம் ஆகியவற்றில் முதல் இருத்தல் கூடும். ஒரு கியரில் மட்டும் வழுக்கினால், அந்தக் கியரைப் பிடிக்கும் தட்டடுக்கோ, அதற்குரிய சொலினாய்டோதான். ஒவ்வொரு பெட்டிக்கும் எந்தக் கியரில் எந்த அடுக்குப் பிடிக்கும் எனக் காட்டும் அட்டவணை உண்டு. அதை எதிரே வைத்துக்கொண்டு பேசும் மெக்கானிக்கை நம்பலாம். குளிர்ந்திருக்கையில் நன்றாய்ப் பிடித்துச் சூடேறியபின் வழுக்குமாயின், எண்ணெய் இளகியபோது அழுத்தம் எங்கோ ஒழுகிப்போகின்றது. சீலையும் பம்பையும் ஐயுறுக. வண்டியுடையார் செய்யக்கூடியது, எந்தக் கியரில், எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் என்று ஒரு தாளில் ஒரு வாரம் குறித்து வருதல்.

பல பெட்டிகளில் எண்ணெய் அழுத்தத்தை அளக்க ஒரு துளை உண்டு. அதில் மானியைப் பொருத்தி அளந்தால், தயாரித்தோர் குறித்த அளவிற்குக் குறைகின்றதா என்று நேரே தெரியும். எண்ணெய் சரியாயிருந்தும் அழுத்தம் குறைவாயின் பம்பு, வடிகட்டி, வால்வு என்னும் திசையிற் செல்லலாம். அழுத்தம் சரியாயிருந்தும் வழுக்குமாயின் தட்டே தேய்ந்தது. இனிப் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். பிரேக்கை இறுகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்கும் ஸ்டால் சோதனையும் உண்டு. ஐந்து வினாடிக்குமேற் செய்தால் எண்ணெய் கொதித்துவிடும். முன்னே ஆள் நின்றால் உயிருக்கே மோசம். சில வண்டிகளில் அது விலக்கப்பட்டுமுள்ளது. வீட்டு வாசலில் இதைச் செய்து பார்க்கவேண்டா.

கடைசிச் சோதனை, அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தல். அதன் காந்தத்தில் மைபோன்ற நுண்பொடி ஒட்டியிருத்தல் இயல்பு. பளபளக்கும் உலோகச் சில்லுகளோ, பூச்சின் துணுக்குகளோ குவிந்திருந்தால் ஐயமில்லை, பெட்டிக்கு உள்நோய்தான். அத்தட்டை உம் எதிரிற் கழற்றுமாறு கேட்க நாணவேண்டா. எண்ணெய் முற்றும் கருகியபின் புதியதை ஊற்றினாற் குணமாகும் என்று சொல்வாரையும் யாம் நம்பிலேம்; தேய்ந்த பூச்சை எண்ணெய் முளைப்பிக்காது.

இவ்வளவும் ஆராய்ந்தபின் மாற்றியே தீரவேண்டும் என்று துணிந்தால், அப்போதும் சில வழிகள் உள. பெட்டியைப் பிரித்துத் தட்டுகளையும் சீல்களையும் மட்டும் புதுப்பித்தல் ஒன்று. புதுப்பித்த பெட்டியை வாங்கல் ஒன்று. நிறுவனத்தின் புதுப்பெட்டி ஒன்று. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உறுப்பு விற்போரிடம் வாங்கல் மற்றொன்று. ஈற்றயலிற் கூறியது விலையிற் பெரிது. ஈற்றிற் கூறியது எவ்வண்டியினின்று வந்ததென்று அறிதற்கரிது. வாங்குமுன் அதன் எண்ணெயை முகர்ந்தாவது பார்க்க. எதனைத் தெரிந்தாலும், குளிர்விப்பானையும் அதன் குழாய்களையும் கழுவித் தூய்மை செய்யாமலும், டார்க் கன்வெர்ட்டரை ஆராயாமலும் பொருத்தலாகாது. பழைய பெட்டியின் உலோகத்தூள் அங்கே தங்கியிருந்து புதியதையும் அரித்துவிடும். தண்ணீர் கலந்தமையே முதலாயின், ஓட்டையான குளிர்விப்பானை மாற்றாது பெட்டியை மட்டும் மாற்றினார், ஒரே நோய்க்கு இருமுறை பணங் கொடுப்பார்.

மதிப்பீட்டைத் தாளில் எழுதி வாங்குக. எந்தச் சோதனை செய்தனர், என்ன அளவு கண்டனர், எத்தனை மாதப் பொறுப்பு ஏற்கின்றனர் என்பவற்றையும் அதில் எழுதச் செய்க. கழற்றிய பழைய உறுப்புக்களைக் காட்டக் கேட்க. பணி குறைபட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி செங்கற்பட்டிலுள்ள மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். ஆங்கே பேசுவது அந்தத் தாள்தான். பொருத்திய பெட்டிக்குக் கணிப்பொறியிற் புதிய அளவுகளைக் கற்பித்தபின், முதற் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெய் அளவையும் கசிவையும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு பட்டறையாரிடம் நாள் குறித்து வருக.